மழைமானியும் செய்மதியும்

மலையகத்தின் பழைய பெருந்தோட்டம் ஒன்றின் அலுவலகத்துக்குச் சென்றால், கட்டடத்துக்குச் சற்றுத் தள்ளி, மரநிழல் விழாத ஒரு திறந்த இடத்தில், சிறு வேலிக்குள்ளே ஓர் உலோக உருளை நாட்டப்பட்டிருப்பதைக் காணலாம். அதுதான் மழைமானி. காலைதோறும் அதனுள் சேர்ந்த நீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து, பதிவேட்டில் எழுதிவைப்பார்கள். பழைய பதிவேடுகளில் கணக்கு அங்குலத்தில் இருக்கும். பிற்காலத்தவை மில்லிமீற்றருக்கு மாறிவிட்டன. கோப்பிக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் தொடக்கிவைத்த இந்த வழக்கம் தேயிலைக்கும் தொடர்ந்து, தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட 1970களையும், தனியார் கம்பெனிகளின் முகாமைக்கு அவை கைமாறிய 1992ஐயும் கடந்து வந்திருக்கிறது.

துரைமார் மழையை அளந்தது விஞ்ஞான ஆர்வத்தினால் மட்டுமன்று. எப்போது உரம் இடுவது, எப்போது கவ்வாத்து வெட்டுவது, எத்தனை ஆட்களை எந்த மலைக்கு அனுப்புவது என்பதையெல்லாம் மழையே தீர்மானித்தது. தொழிலாளியின் கூலியையும் அதுவே தீர்மானித்தது. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து மலைக்கு ஏறிய பெண், நண்பகலுக்கு முன் பெருமழை பிடித்து வேலை நிறுத்தப்பட்டால், அரைப்பேருடன் லயத்துக்குத் திரும்பவேண்டும். அதாவது அரைநாள் சம்பளம். நனைந்துகொண்டே பறித்தாலோ, ஈரக் கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவு என்று நிறுவையில் சில கிலோ குறைப்பார்கள். தோட்டத்தின் மழைப் பதிவேட்டையும் செக்ரோல் எனப்படும் சம்பளப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், ஒன்றில் ஏறிய எண்கள் மற்றதில் இறங்கியிருக்கும். மலையகத்தின் பொருளாதார வரலாற்றை எழுத முனைவோர் இந்த இரண்டு பதிவேடுகளையும் இன்னும் சேர்த்து வாசிக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இலாபக் கணக்குக்காக எழுதப்பட்ட அந்த எண்களுக்கு எவரும் எதிர்பாராத இன்னொரு பயன் பின்னர் வந்து சேர்ந்தது. இலங்கையின் மழைப் பதிவுகள் 1870களிலிருந்து தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. ஆசியாவில் எல்லா நாடுகளுக்கும் இந்தப் பேறு வாய்க்கவில்லை. அவற்றைப் பகுத்து நோக்கிய ஆய்வுகள், நுவரெலியாவிலும் கண்டியிலும் தென்மேற்குப் பருவ மழை நீண்ட கால நோக்கில் குறைந்து வந்திருப்பதைக் காட்டின. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிலையமும் வானிலைக் கணக்கோடு பின்னிப் பிணைந்தே வளர்ந்தது. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது, அந்த நோய் ஈரத்தில் பரவும், வெயிலில் ஒடுங்கும் என்பதைக் கண்டறிந்து, சூரிய ஒளி எத்தனை மணி நேரம் கிடைத்தது என்ற கணக்கைக் கொண்டே மருந்தடிக்கும் வேளையை முன்கூட்டிச் சொல்ல முயன்றார்கள். வானத்தைப் பார்த்து வாழும் தொழில் தேயிலை. ஆனால் வானத்திலிருந்து தன்னைப் பார்க்கும் கண் ஒன்று வரப்போகிறது என்பதை அது அறிந்திருக்கவில்லை.

அந்தக் கண்ணை இலங்கையில் நாங்கள் செய்மதி என்போம். தமிழகத்தார் செயற்கைக்கோள் என்பார்கள். இரண்டும் நல்ல சொற்களே. 1960 ஏப்ரல் முதலாந் திகதி அமெரிக்கா ஏவிய டைரோஸ்-1 தான் மேகக் கூட்டங்களை மேலிருந்து படம்பிடித்து அனுப்பிய முதல் வானிலைச் செய்மதி. ஆனால் செய்மதியின் கதையில் இலங்கைக்கு அதற்கு முன்பே ஒரு மறைமுகத் தொடர்பு உண்டு. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்தினால், பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்தின் மேல் அசையாது நிற்பதுபோலத் தோன்றும் நிலையங்களால் உலகம் முழுவதற்கும் ஒலி, ஒளி பரப்பலாம் என்று 1945 ஒக்டோபரில் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். அவர் 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008 மார்ச்சில் கொழும்பிலேயே காலமானார்.

ஹற்றனிலும் மஸ்கெலியாவிலும் நின்று பார்த்தால் தெரியும் சிவனொளிபாத மலைக்கும் அவருடைய கற்பனையில் இடமிருந்தது. 1979இல் வெளியான அவரது நாவல் ஒன்றில், அந்த மலையை நினைவூட்டும் சிகரத்திலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். அதற்குப் பூமத்திய ரேகை தேவை என்பதால் தீவையே சில பாகை தெற்கே நகர்த்திவிட்டார், மனிதர். மலையின் அடிவாரத்தில் கொழுந்து பறிப்பவர்களை அவர் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. அவர்கள் கதைக்குள் வரவேயில்லை. குறையாகச் சொல்லவில்லை. மலையகத்தைப் பற்றிய பெரும்பாலான பெரிய கனவுகள் அப்படித்தான் இருந்திருக்கின்றன.

கிளார்க்கின் எண்ணத்தை ஏழை நாடு ஒன்றின் தேவைக்குத் திருப்பியவர்கள் இந்தியர்கள். 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ரொக்கற் மேலெழுந்தது. வரைபடத்தை விரித்துப் பாருங்கள்: தும்பாவுக்குச் சென்னையைவிட நுவரெலியா கிட்டத்தில் இருக்கிறது. பசியும் எழுத்தறிவின்மையும் நிறைந்த நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்று அன்று பலரும் கேட்டனர். சந்திரனுக்கு ஆள் அனுப்பும் போட்டிக்கல்ல, வானிலைக்கும் கல்விக்கும் தொலைத்தொடர்புக்குமே என்பது விக்ரம் சாராபாயின் மறுமொழியாக இருந்தது. அவர் 1971இல் மறைந்தார். நான்காண்டுகளின் பின், 1975 ஓகஸ்டில், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செய்மதியைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகக் கல்வித் தொலைக்காட்சி பரப்பும் பரிசோதனையை இந்தியா ஓராண்டு காலம் நடத்தியது. அதன் அலைவரிசையைப் பெறும் நிலையம் ஒன்றை இந்தியப் பொறியியலாளர்கள் கிளார்க்கின் கொழும்பு வீட்டிலும் அமைத்துக் கொடுத்தார்கள். இலங்கையில் அப்போது தொலைக்காட்சி சேவையே இல்லை. தீவிலேயே ஒரேயொரு தொலைக்காட்சிப் பெட்டி தன்னிடந்தான் இருக்கிறது என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வாராம்.

அதன் பிறகு வந்தது இன்சாட். 1982இல் ஏவிய முதலாவது சில மாதங்களிலேயே செயலிழந்தது. 1983 ஓகஸ்டில் ஏவிய இன்சாட்-1பி நிலைத்தது. தொலைபேசி, தொலைக்காட்சி, வானிலைப் படம் மூன்றையும் ஒரே செய்மதியில் அடக்கியிருந்ததே அதன் தனிச்சிறப்பு. பணம் குறைந்த நாட்டின் சிக்கனம் என்று அதைச் சொல்லலாம். ஆனால் அந்தச் சிக்கனத்திலிருந்து விளைந்த ஒரு காரியத்தை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். புயலைப் படம்பிடிக்கும் செய்மதியே எச்சரிக்கையையும் சுமந்து செல்லலாம் அல்லவா? 1980களின் நடுப்பகுதியில் தமிழகத்தினதும் ஆந்திரத்தினதும் கரையோரங்களில் சுமார் நூறு சிறப்பு ஏற்பிகளைப் பொருத்தினார்கள். சென்னையிலிருந்து அனுப்பப்படும் எச்சரிக்கை இன்சாட் வழியாக, ஆபத்துள்ள பகுதியின் ஏற்பிகளுக்கு மட்டும் சென்று, அபாயச் சங்கொலியுடன் அவ்வட்டார மொழியில் பேசும். தொலைபேசிக் கம்பி அறுந்தாலும், வீதி மூழ்கினாலும் அது பேசும். நாகப்பட்டினத்துப் பக்கத்துக் கரையில் அந்த ஏற்பி பேசிய மொழி தமிழ்.

இந்த ஆண்டுகளில் மலையகத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1982இல் ரூபவாஹினி தொடங்கியது; அதன் ஒளிபரப்புக் கோபுரம் இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையில், நுவரெலியா நகரத்தின் தலைக்கு மேலேயே எழுந்தது. கோபுரம் மலையில் இருந்தாலும் மலையின் லயங்கள் பலவற்றில் மின்சாரம் இல்லை. கார் பற்றரியில் கறுப்பு வெள்ளைப் பெட்டியை இயக்கி, ஒரு லயத்தின் பத்துக் குடும்பங்களும் ஓர் அறைக்குள் நெருக்கியடித்துப் படம் பார்த்த காலத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன். பின்னர் மின்சாரம் வந்தது. அதன் பின்னே கூரைத் தகரங்களின் மேல் வட்டத் தட்டுகள் முளைத்தன. சென்னையின் தமிழ் அலைவரிசைகள் செய்மதி வழியாக லயத்துக்குள் வந்து குடியேறின. வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு எந்தக் கரையை எப்போது கடக்கும், கடலூரில் எத்தனை சென்ரிமீற்றர் பெய்தது என்பவற்றைப் பொகவந்தலாவையிலுள்ள ஒரு பாட்டி பிழையின்றிச் சொல்வார். தன் லயத்துக்குப் பின்னால் நிற்கும் மேடு இன்றிரவு தாங்குமா என்பதை அவருக்குச் சொல்ல அந்தத் தட்டில் எவரும் இல்லை. கூரையில் செய்மதியைக் கட்டிக்கொண்டு, செய்மதியின் தலையாய பயனை இழந்திருந்தது மலையகம்.

இலங்கைக்கென்று ஒரு விண்வெளித் திட்டம் இல்லையா என்று வெளிநாட்டு நண்பர்கள் கேட்பதுண்டு. 1984இல் மொறட்டுவையில் கிளார்க்கின் பெயரால் ஒரு தொழில்நுட்ப நிலையம் நிறுவப்பட்டது. 2019இல் இலங்கைப் பொறியியலாளர் இருவர் ஜப்பானின் கியூஷூ தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவாக்கிய இராவணா-1, ஜூன் மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதைக்கு விடப்பட்டது. ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள சிறு பெட்டி அது. பல தோட்டங்களில் ஒரு பெண் ஒரு நாளில் பறித்துக் கொடுக்கவேண்டிய கொழுந்து 18 கிலோ. சிறிதானாலும் இளைஞருக்கு அது தொழில் கற்றுக்கொடுத்தது. அதை ஏளனம் செய்வோர் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். ஆனால் மழையையும் மண்ணையும் பார்க்க இலங்கை நம்பியிருப்பது பிறர் கண்களைத்தான். ஜப்பானின் ஹிமவாரி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை படமெடுக்கிறது. இந்தியாவின் இன்சாட் வரிசை இருக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்கள் தம் தரவை எவர்க்கும் இலவசமாகத் தருகின்றன. பேரிடர் நேரத்தில் விண்வெளி முகவரகங்கள் தமது படங்களை இலவசமாகப் பகிரும் சர்வதேச சாசனம் ஒன்றும் 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது.

2017 மே மாதத்து மூன்று நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன். 5ஆந் திகதி, தெற்காசியச் செய்மதி என்ற பெயரில் இந்தியா ஜிசாட்-9ஐ ஏவி, அதன் தொடர்பாடல் வசதியை இலங்கை உட்பட அயல்நாடுகளுக்கு அன்பளிப்பாக அறிவித்தது. 12ஆந் திகதி, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட் மைதானத்தில் மலையக மக்கள் முன் உரையாற்றி, மேலும் 10,000 வீடுகள் கட்ட உதவுவதாகச் சொன்னார். மாதக் கடைசியில் தென்மேற்கில் கொட்டிய மழையின் வெள்ளத்திலும் மண்சரிவிலும் 200க்கும் அதிகமானோர் மாண்டனர். வானில் செய்மதி, மேடையில் வீடு, தரையில் சேறு. இம்மூன்றையும் இணைக்கும் கம்பி எங்கே அறுந்து கிடக்கிறது என்பதே என் கேள்வி.

முதலில் ஒரு விஞ்ஞான உண்மை. செய்மதி மழையை நேரே அளப்பதில்லை. நிலையாக நிற்கும் செய்மதி மேகத்தின் உச்சியில் உள்ள குளிரை அளந்து, குளிர் மிகுந்தால் மேகம் உயரமானது, உயரமானால் மழை பெரிது என்று ஊகிக்கிறது. தாழ்வாகச் சுற்றும் செய்மதிகள் நுண்ணலையால் மேகத்துக்குள் நோக்குகின்றன. கடலிலும் சமவெளியிலும் இது நன்றாகவே பலிக்கிறது. ஆனால் தென்மேற்குக் காற்று ஈரத்தைச் சுமந்துவந்து கினிகத்தேனை, வட்டவளைச் சரிவுகளில் மோதி மேலேறும்போது, உயரம் குறைந்த மேகங்களே அடைமழையைக் கொட்டிவிடுகின்றன. உச்சியில் குளிர் இல்லை. செய்மதி அதைச் சிறு மழை என்று எண்ணிவிடும். வட்டவளைப் பகுதியில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. அதே காற்று மலைமுகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது வறண்டு, அங்கே தேயிலைக்கு மணம் ஏற்றுகிறது. உலக மழையளவுச் செய்மதித் திட்டத்தின் ஒரு கட்டம் ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர் அகலம். அந்தப் பத்துக் கிலோமீற்றருக்குள் எத்தனை தோட்டம், எத்தனை மடிப்பு, எத்தனை ஓடை! ஆகவே விண்வெளியிலிருந்து வரும் எண்ணைத் திருத்துவதற்குத் தரையிலுள்ள மழைமானி வேண்டும். தோட்ட அலுவலகத்துப் பதிவேடு பழம்பொருள் அன்று. செய்மதிக்கு அது உரைகல். அப்படிப்பட்ட பதிவேடுகள் சில இடங்களில் கறையானுக்கு இரையாகிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

1986 ஜனவரியில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் நிகழ்ந்த மண்சரிவுகளுக்குப் பின்னரே இந்த ஆபத்தை முறைப்படி வரைபடமாக்கும் பணி சூடுபிடித்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதைச் செய்துவருகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்பது அதன் எளிய அளவுகோல். நல்ல அளவுகோல்தான். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது செய்தி சேகரிக்கச் சென்றவர்களுள் நானும் ஒருவன். பாடசாலைக்குச் சென்றிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள், பெற்றோரைத் தேடிச் சேற்றைப் பார்த்து நின்றார்கள். அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று 2005இலும் 2011இலும் அறிவுறுத்தப்பட்டிருந்ததாக அந்நாட்களிலேயே அரச தரப்பில் சொல்லப்பட்டது. ஆக, அறியாமையால் வந்த சாவு அன்று அது. அறிந்ததைச் சொல்லவேண்டியவர்கள், சொன்னதைச் செய்யவேண்டியவர்கள், போக இடம் கொடுக்கவேண்டியவர்கள் என்ற வரிசையில் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள்.

பதினோராண்டு கழித்து, 2025 நவம்பர் 28 அன்று டிட்வா புயல் கரையேறியது. வங்கக் கடலின் சுழற்சியைச் செய்மதிகள் நாட்கணக்காகப் பின்தொடர்ந்தன, படங்களுக்குக் குறைவில்லை. மலைநாட்டின் பல நிலையங்களில் ஒரே நாளில் 200 மில்லிமீற்றரைத் தாண்டி மழை கொட்டியது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் அடுக்கடுக்காகச் சரிந்தன. நாடளாவிய உயிரிழப்பு 600ஐக் கடந்தது. தமிழில் எச்சரிக்கைகள் உரிய வேளையில், போதிய அளவில் வரவில்லை என்ற முறைப்பாடு அந்த நாட்களில் உரத்து எழுந்தது. தமிழ் அரச கரும மொழியாக அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது 1987இல். சென்னையிலிருந்து செய்மதி வழியே தமிழில் புயல் எச்சரிக்கை பேசத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். பாக்குநீரிணையின் அக்கரையில் நாற்பதாண்டுக்கு முன் முடிந்த காரியம் இக்கரையில் இன்னும் முறைப்பாடாக நிற்கிறது. இதற்கு ரொக்கற் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இரவுக் கடமையில் இருந்தால் போதும்.

புயலுக்கு நான்கு மாதங்களுக்கு முன், 2025 ஜூலை 30 அன்று, இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் செய்மதி சிறீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. பன்னிரண்டு நாட்களுக்கு ஒரு முறை ஒரே இடத்தைப் பார்த்து, நிலம் சென்ரிமீற்றர் அளவில் நகர்ந்தாலும் காட்டக்கூடிய இரண்டு ராடர்கள் அதில் உள்ளன. அவற்றுள் ஒன்றின் அலை நீளமானது. மற்ற ராடர்களைக் குழப்பும் இலை, செடிப் பரப்பை அது பெருமளவு ஊடுருவும். தேயிலை போர்த்திய மலைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இதுவரை விண்ணுக்குச் சென்றதில்லை. பெருஞ்சரிவுக்கு முன் மெல்ல நழுவும் மேடுகளை அது முன்கூட்டியே அடையாளங்காட்டக்கூடும். தரவு எல்லோருக்கும் திறந்தது. அதை எடுத்து வாசிக்கப் பயின்ற ஆட்கள் நம்மிடம் எத்தனை பேர் என்பதுதான் இனிப் பார்க்கவேண்டியது.

அப்படியே வாசித்து, வரைபடத்தில் ஒரு லயத்தின் மேல் சிவப்பு நிறம் தீட்டப்பட்டாலும், அங்குள்ள குடும்பத்துக்கு வேறு காணி இல்லை. இருநூறு ஆண்டுகளாக அந்த மலையில் உழைத்தவர்களுள் பெரும்பாலோருக்கு லயமும் தோட்டத்தினது, லயம் நிற்கும் நிலமும் தோட்டத்தினது. சிவப்பு அறிவித்தல் வந்தால் பாடசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ போய்ப் படுக்கிறார்கள். மழை விட்ட மூன்றாம் நாள் பாடசாலை திறக்கவேண்டும் என்பார்கள். பாய்களைச் சுருட்டிக்கொண்டு, வெடித்த சுவர்களைப் பார்த்தபடி, அதே லயத்துக்குத் திரும்பி வருகிறார்கள். மறுநாள் காலையில் பிரட்டுக்குப் பெயர் கொடுக்கவேண்டும்.